எட்டுச் சொட்டும் ஒரு கையெழுத்தும்

பளபளக்கா கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னது அது முதல் தடவை இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். துப்புரவு ஆட்கள் எல்லாருக்கும் ரப்பர் கையுறை கொடுத்தாயிற்று என்று ஒரு தாள் வந்தது. தாள்தான் வந்தது, கையுறை வரவில்லை. மற்ற ஆறு பேரும் எதுக்கு வம்பு என்று போட்டுவிட்டார்கள். இவள் மட்டும் தாளை மேனேஜரிடமே திருப்பி நீட்டி, "கையுறை வரட்டும் சார், கையெழுத்து அது பின்னாடியே வரும்" என்றாள். கையுறை வர மூணு வாரம் ஆனது. அந்த மூணு வாரமும் மேனேஜர் அவளைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு போனார். அதில் தனக்கு என்ன குறைந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வேலை ஒரு கண் ஆஸ்பத்திரியில். பதினோரு வருஷமாகத் தரை, ஜன்னல், கழிப்பறை, காத்திருப்புக் கூடத்து நாற்காலிகள் எல்லாம் அவள் பொறுப்பு. அவள் துடைத்த கண்ணாடியில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். அதனால்தான் அந்தப் பெயர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உட்கார்ந்திருந்தது. அவளுக்கு இரண்டு குணம் உண்டு. ஒன்று, அழுக்கைக் கண்டால் கை சும்மா இருக்காது. இரண்டு, பிரிக்காத எதையும் குப்பையில் போட மனசு வராது. யாரோ விட்டுப்போன பேட்டரி, உறை கிழிக்காத ஸ்பூன், மூடி திறக்காத பசை என்று துப்புரவு அறையில் அவளுக்கென்று ஒரு டிராயரே நிறைந்து கிடந்தது. இந்த இரண்டு குணமும் சேர்ந்துதான் இந்தக் கதையில் அவளைக் கவிழ்க்கவும் செய்தன, காப்பாற்றவும் செய்தன.

கூடத்தின் நடுவில் ஆறடி நீளத்துக்கு ஒரு மீன் தொட்டி இருந்தது. கண்ணில் கத்தி வைக்கப்போகிறார்கள் என்ற பயத்தோடு உட்கார்ந்திருக்கும் ஜனங்களுக்குக் கொஞ்சம் மனசு அடங்கட்டும் என்று ஆஸ்பத்திரியை நடத்தும் டாக்டரம்மா வாங்கி வைத்தது. அதில் வெள்ளித்தட்டு போல ஒரு கூட்டம் மீன்கள். அவற்றுக்கு நடுவில் கறுப்பும் ஆரஞ்சுமாக, முழங்கை நீளத்துக்கு ஒரு ஆசாமி. வருகிற ஒவ்வொருத்தரையும் கண்ணாடி ஓரம் வந்து மேலும் கீழும் பார்க்கும். அதனால் இன்ஸ்பெக்டர் என்று பெயர். பளபளக்கா துணியைக் கண்ணாடியில் வைத்து இழுத்தால், உள்ளே இன்ஸ்பெக்டர் துணி கூடவே போவார். எட்டு வருஷமாகத் தினம் காலையில் இது நடந்தது. துடைத்தபடியே அவரிடம் பேசிக்கொண்டிருப்பாள், ஆஸ்பத்திரியில் வேறு யாரிடமும் அவள் அவ்வளவு பேசியதில்லை.

முதலில் தொட்டியையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். வாரம் ஒரு தடவை கால் பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, அரை நாள் வாளியில் வைத்த தண்ணீரை ஊற்றுவாள். மீன் நன்றாகத்தான் இருந்தது. மூணு மாசத்துக்கு முன்னால் மேனேஜருக்கு என்ன தோன்றியதோ, தொட்டியை வெளி ஆளிடம் கான்ட்ராக்ட் விட்டார். வாரா வாரம் வெள்ளிக்கிழமை ஒரு மனிதர் வந்தார். சட்டைப் பையில் பேனா மாதிரி ஒரு மீட்டரைச் செருகியிருந்தார். அதைத் தண்ணீரில் விட்டு எண்ணைப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், ஒரு பாட்டில் மருந்தை மூடியில் அளந்து ஊற்றுவார். ஆஸ்பத்திரியே அவரை மீட்டர்காரர் என்று கூப்பிட்டது. பளபளக்காவுக்கு வெளிக் கண்ணாடியும், தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரியும் மட்டும் மிச்சம்.

அந்தத் திங்கட்கிழமை காலை அவள் துணியைக் கண்ணாடியில் வைத்தாள். இன்ஸ்பெக்டர் வரவில்லை. மூலையில், கல் ஓரமாக, நிறம் வெளுத்துச் சாய்ந்து கிடந்தார். மேலே இரண்டு வெள்ளி மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அவள் ஓடிப்போய்ச் சொன்னதும் மேனேஜர் போன் போட்டார். மீட்டர்காரர் வந்து, அலமாரியிலிருந்து கண்ணாடி ட்யூபை எடுத்து, தொட்டித் தண்ணீரைப் பிடித்து, இரண்டு பாட்டில் மருந்தைச் சொட்டுவிட்டு மூடிக் குலுக்கினார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பச்சையானது. லேசான பச்சை இல்லை, அடர்த்தியாக, இலைப் பச்சை.

"அமோனியா சார். மஞ்சளா இருந்தா நல்ல தண்ணி. பச்சை வந்தா மீனுக்கு விஷம்." மீட்டர்காரர் அப்படியே திரும்பினார். பளபளக்காவின் வாளியில் தொங்கிய நீல பாட்டிலை எடுத்து, முகர்ந்து, லேபிளை மேனேஜரிடம் காட்டினார். "கண்ணாடி தொடைக்கிற மருந்து. இதுலயும் அமோனியா இருக்கு. இந்தாம்மா, தொட்டிக்குள்ள எவ்வளவு போச்சு?"

"ஒரு சொட்டும் போகல. நான் கண்ணாடியில தெளிக்கவே மாட்டேன். துணியில தெளிச்சுத்தான் தொடைப்பேன். அதுவும் தொட்டிக்கு இதை எடுக்கவே மாட்டேன், வெறும் ஈரத்துணிதான்."

"அப்ப பச்சை எங்கேருந்து வந்துச்சு?"

மத்தியானத்துக்குள் தாள் வந்துவிட்டது. என் கவனக்குறைவால் கண்ணாடி துடைக்கும் திரவம் தொட்டி நீரில் கலந்து மீன்கள் இறந்தன என்று அச்சடித்து, கீழே ஒரு கோடு போட்டிருந்தது. மேனேஜர் ஒன்றும் கெட்ட மனிதர் இல்லை. பிரச்சனை எதுவானாலும் அது ஒரு தாளில் ஏறி, அந்தத் தாள் ஒரு கோப்புக்குள் போய்விட்டால் அவருக்கு நிம்மதி, அவ்வளவுதான். "வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் தரேன். போட்டா எச்சரிக்கையோட முடிஞ்சிடும். போடலைன்னா சனிக்கிழமை வரவேண்டாம். வெள்ளிக்கிழமை தொட்டியையும் முழுசா காலி பண்ணி, பிளீச்சிங் போட்டுக் கழுவி, புதுத் தண்ணி விடப்போறோம்."

"முழுத் தண்ணியையும் ஒரே நாள்ல மாத்தினா இருக்கிற மீனும் செத்துடும் சார்."

"அதெல்லாம் அவர் பாத்துப்பார்."

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் யோசிங்க."

"யோசிச்சுட்டுத்தான் சொல்றேன்."

ஆக, அவளுக்கு இருந்தது நாலு நாள். பதினோரு வருஷ வேலையும், சாய்ந்து கிடக்கும் ஒரு மீனும் அந்த நாலு நாளில் தொங்கின.

வீட்டிலும் அவளுக்கு ஒரு தொட்டி உண்டு. இரண்டடித் தொட்டி, பால்கனிக் கதவுக்குப் பக்கத்தில். அவள் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். வாய் கொஞ்சம் நீளம். தண்ணீர் சோதிக்கும் கிட் ஒன்றை அவள் வாங்கிவந்த நாளிலிருந்து, "மீனுக்கு வாரா வாரம் லேப் டெஸ்ட். கட்டின புருஷனுக்கு இதுவரைக்கும் ஒரு சுகர் டெஸ்ட் உண்டா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். "நீங்க தொட்டிக்குள்ள இருந்தா உங்களுக்கும் பாப்பேன்" என்பாள்.

அந்தத் திங்கட்கிழமை ஆஸ்பத்திரித் தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்தாள். பாட்டிலை அந்தத் தண்ணீராலேயே மூணு தடவை கழுவி, நாலாவது தடவைதான் பிடித்தாள். நாலு மணி வெயில் பால்கனியில் இருந்தது. ட்யூபைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, கோடு வரைக்கும் சரியாக ஊற்றினாள். மருந்து பாட்டிலைச் சாய்த்துப் பிடித்தால் சொட்டு ஒன்று பெரிசாகவும் ஒன்று சின்னதாகவும் விழும். அதனால் நட்டமாகத் தலைகீழாகப் பிடித்து, ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணி எட்டுச் சொட்டு விட்டாள். இரண்டாவது பாட்டிலிலிருந்தும் எட்டு. கட்டைவிரலால் அடைத்துக் குலுக்குகிறவர்கள் உண்டு. விரலில் இருக்கிற சோப்பும் உப்பும் அப்படியே உள்ளே இறங்கிவிடும். இவள் மூடி போட்டுத்தான் குலுக்கினாள். கடிகாரத்தில் முழுசாக ஐந்து நிமிஷம் பார்த்தாள். அப்புறம் நிற அட்டையின் வெள்ளைப் பக்கத்தில் ட்யூபை ஒட்டவைத்து, பகல் வெளிச்சத்தில் பார்த்தாள்.

மஞ்சள். கொஞ்சம்கூடப் பச்சை இல்லை.

"பாத்தீங்களா" என்றாள்.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "பாத்தேன். அங்க பச்சை, இங்க மஞ்சள். ஒரு பஸ்ல ரெண்டு ஸ்பீடாமீட்டர் வச்சா இப்படித்தான். எதை நம்பறதுன்னு யார் சொல்லுவா? உன் மருந்து பழசுன்னு சொல்லிட்டுப் போயிடுவான்."

காலாவதி தேதியைப் பார்த்தாள். இன்னும் எட்டு மாசம் இருந்தது. இருந்தாலும் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. கையோடு அமிலம், காரம் பார்க்கும் சோதனையையும் செய்தாள். ஏழு என்றால் நடு. மேலே போனால் காரம், கீழே போனால் அமிலம். ஆஸ்பத்திரித் தொட்டிக்கு எப்போதும் ஏழுக்குப் பக்கத்தில் வரும். இப்போது நிறம் அட்டையின் கடைசிக் கட்டத்தில், ஆறில் போய் நின்றது. அதற்கும் கீழே இருக்கலாம், அட்டையில் அதற்குக் கீழே கட்டம் இல்லை. ஆனால் மீட்டர்காரர் வாரா வாரம் எட்டு என்று சொல்லித்தானே, அதை இறக்குகிறேன் என்று மருந்து ஊற்றுகிறார்? போன வெள்ளிக்கிழமை ஒரு மூடிக்குப் பதில் இரண்டு மூடி ஊற்றியதை அவள் கண்ணால் பார்த்தாளே.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு வேளையில் தன் ட்யூபையும் கொண்டுபோய்த் துப்புரவு அறை ஜன்னலில் ஆராய்ச்சியை ஆரம்பித்தாள். தொட்டித் தண்ணீர் பிடித்த ஆஸ்பத்திரி ட்யூபில் ஆஸ்பத்திரி மருந்தை விட்டாள், பச்சை. அதே தண்ணீரையும் அதே மருந்தையும் தன் ட்யூபில் விட்டாள், மஞ்சள். அப்படியென்றால் மருந்தில் கோளாறு இல்லை. கொஞ்ச நேரம் இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஆஸ்பத்திரியின் இன்னொரு ட்யூபை எடுத்து, தொட்டித் தண்ணீருக்குப் பதிலாக நோயாளிகள் குடிக்கிற தண்ணீரை ஃபில்டரிலிருந்து பிடித்து எட்டு எட்டுச் சொட்டு விட்டாள்.

அதுவும் பச்சை.

குடிக்கிற தண்ணீரில் எப்படி அமோனியா வரும்? வராது. அப்படியானால் பச்சை தண்ணீரில் இல்லை, ட்யூபில் இருக்கிறது. மூடியைத் திறந்து முகர்ந்தாள். பதினோரு வருஷமாகத் தெரிந்த வாசனை. நீல மருந்து.

பத்து நாளைக்கு முன்னால் அலமாரியை ஒழுங்குபண்ணும்போது அந்த ட்யூபுகளைப் பார்த்தாள். உள்ளே கறை படிந்து மங்கிப்போய் இருந்தன. பார்த்துவிட்டு விடமுடியுமா? நீல மருந்தைத் தண்ணீரில் கலந்து, ட்யூபையும் மூடியையும் ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, மறுநாள் துணியை முறுக்கி உள்ளே விட்டுத் துடைத்து, தூசி போய்விடக் கூடாதே என்று ஈரம் காயும் முன்னாலேயே மூடியையும் இறுக்கி வைத்தாள். என்னமாய் மின்னியது. அப்போது அவளுக்கு அவ்வளவு பெருமை. வீட்டு ட்யூபை அவள் வெறும் தண்ணீரில்தான் கழுவுவாள், ஏனென்றால் நீல மருந்து ஆஸ்பத்திரிச் சொத்து, அதில் ஒரு சொட்டும் வீட்டுக்குக் கொண்டுபோகிற ஆள் இல்லை அவள். கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். யார்மேல் கோபப்படுவது? ஊர் உலகத்தில் ட்யூபை இவ்வளவு சுத்தம் பண்ணி வேலையைக் கெடுக்க வேறு யாரால் முடியும்?

சாயந்திரம் வீட்டுக்காரர் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "சரி, இதுக்கு ஏன் முகத்தைத் தொங்கப்போடறே? நாளைக்குப் போ. ட்யூபை எல்லாம் நல்ல தண்ணியில இருபது தடவை அலம்பி வை. வெள்ளிக்கிழமை மறுபடி டெஸ்ட் பண்ணச் சொல்லு. மஞ்சள் வரும். அன்னிக்குப் பண்ணின டெஸ்ட் தப்பு, நான் சுத்தம்னு நெஞ்சை நிமித்திட்டு வா. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"உனக்குத் தெரிஞ்சா வேலை போயிடுமா?"

"மீன் எதுக்குச் செத்துச்சுன்னு அப்ப யாரும் பாக்க மாட்டாங்க. அந்த ஆள் அடுத்த வாரமும் வந்து ரெண்டு மூடி ஊத்துவாரு. இன்ஸ்பெக்டர் போயிடுவார்."

"உனக்கு என்னைவிட அந்த மீனுதான் முக்கியம்."

"அது எதிர்த்துப் பேசறதில்லை."

அவர் மறுபடி சிரித்தார். ஆனால் அவளை மாற்ற முடியாது என்று அவருக்கு இருபது வருஷமாகத் தெரியும்.

புதன்கிழமை அவள் தன் டிராயரைக் கவிழ்த்தாள். மீட்டர்காரர் முதல் நாள் வந்தபோது, மீட்டர் வந்த அட்டைப்பெட்டியைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போனார். அதை எடுத்து மடக்கப்போனவளுக்கு உள்ளே இரண்டு சின்ன பாக்கெட் கிடைத்தது. ஒன்றில் 4 என்றும் ஒன்றில் 7 என்றும் போட்டிருந்தது. பிரிக்காத பாக்கெட் ஆயிற்றே என்று வழிமுறைத் தாளோடு எடுத்து வைத்திருந்தாள். இப்போது அந்தத் தாளை இரண்டு தடவை படித்தாள். மீட்டரின் நுனி காய்ந்துபோகக் கூடாது. பாக்கெட்டில் இருக்கும் பொடியைக் காய்ச்சி வடித்த சுத்தத் தண்ணீரில் கரைத்து, மீட்டரை அதில் விட்டு, பாக்கெட்டில் போட்ட எண்ணைக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். காட்டாவிட்டால் திருகிச் சரிபண்ண வேண்டும். மாசம் ஒரு தடவை. மீட்டர்காரர் மூணு மாசமாக நுனி காய்ந்த மீட்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு அலைகிறார், பாக்கெட்டோ இங்கே உறை கிழியாமல் கிடக்கிறது. அவளுக்கு வந்த கோபத்தில் காது சூடாகிவிட்டது. இவரா என் வாளியை முகர்ந்து பார்த்தார்?

கத்தி, கத்தரி எல்லாம் கொதிக்கவைக்கிற அறையில் வடித்த தண்ணீர் இருக்கும். அங்கிருந்த நர்ஸ், "எதுக்கு?" என்றாள். "வெள்ளிக்கிழமை கூடத்துக்கு வா, பாக்கலாம்" என்று சொல்லிக் கால் லிட்டர் வாங்கிக்கொண்டாள். வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் இன்னும் சாய்ந்துபோனார். அவள் துணியைக் கண்ணாடியில் வைத்தபோது ஒரு பக்கச் செவுள் மட்டும் அசைந்தது. கண் மட்டும் துணியைப் பார்த்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார். மீட்டர்காரர் குழாயும் வாளியுமாகத் தயாராக நின்றார். மேசைமேல் தாள், தாள்மேல் பேனா.

"இங்க வேண்டாம் சார்" என்றாள். "இங்க விளக்கு மஞ்சள். மஞ்சள் வெளிச்சத்துல மஞ்சளும் தெரியாது, பச்சையும் தெரியாது. கூடத்து ஜன்னலுக்கு வாங்க."

"எதுக்கும்மா? கையெழுத்துப் போட எதுக்கு ஜன்னல்?"

"ஜன்னலுக்கு வாங்க, சொல்றேன்." சொல்லிவிட்டு நடந்தே போய்விட்டாள். பின்னால் போவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இல்லை.

கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். பாதிப் பேருக்குக் கறுப்புக் கண்ணாடி, நாலு பேருக்குக் கட்டு. பளபளக்கா ஜன்னல் மேடையில் வெள்ளைத் துண்டை விரித்து, ட்யூபுகளை அடுக்கினாள். ஆஸ்பத்திரி ட்யூபை எடுத்து, எல்லாரும் பார்க்க ஃபில்டரிலிருந்து குடிதண்ணீர் பிடித்தாள். எட்டுச் சொட்டு. மறுபடி எட்டுச் சொட்டு. மூடிக் குலுக்கினாள்.

மீட்டர்காரர் சிரித்தார். "குடிக்கிற தண்ணியில என்னம்மா பாக்கறே?"

"அஞ்சு நிமிஷம் இருங்க."

ஐந்து நிமிஷம் நாற்பது பேரும் ஒரு ட்யூபைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டுப் போட்டிருந்த ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம், "என்ன நடக்குது, சொல்லுங்களேன்" என்றார். பெயர் கூப்பிட்டும் யாரும் உள்ளே வராததால் டாக்டரம்மாவே எழுந்து வெளியே வந்துவிட்டார். அதற்குள் தண்ணீர் பச்சையாகிவிட்டது.

"டாக்டரம்மா, நீங்களே பாருங்க. நிறம் பாக்க உங்களைவிட ஆள் யாரு?" என்று ட்யூபையும் வெள்ளை அட்டையையும் நீட்டினாள். "இது என்ன நிறம்?"

"பச்சை. நல்ல பச்சை."

"இது நாம எல்லாரும் குடிக்கிற தண்ணி."

கூடத்தில் பாதிப் பேர் கையில் இருந்த தம்ளரைக் கீழே வைத்தார்கள். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

"பயப்படாதீங்க, தண்ணியில ஒண்ணும் இல்லை" என்றாள் பளபளக்கா. "ட்யூப்லதான் இருக்கு. அதுக்குக் காரணம் நான்தான். இந்த ட்யூபை எல்லாம் கண்ணாடி தொடைக்கிற மருந்துல ஊறப்போட்டுக் கழுவினேன். ஈரத்தோட மூடி வச்சேன். இதுல எதை ஊத்தினாலும் பச்சைதான் வரும்."

"பாத்தீங்களா சார், அவங்க வாயாலேயே ஒத்துக்கிட்டாங்க" என்று மீட்டர்காரர் துள்ளினார்.

"ஒத்துக்கிட்டேன். இன்னும் முடியலை, நில்லுங்க." வீட்டு ட்யூபில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து அதே மருந்தை விட்டாள். பக்கத்திலேயே இன்னொரு சுத்தமான ட்யூபில் குடிதண்ணீர். மறுபடி ஐந்து நிமிஷம். இரண்டும் மஞ்சள். டாக்டரம்மா இரண்டையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டும் ஒரே நிறம்தான்" என்றார்.

"அப்ப தொட்டியில அமோனியா இல்லை. ஆனா மீன் செத்திருக்கு." பளபளக்கா பாக்கெட்டை எடுத்து மீட்டர்காரரிடம் நீட்டினாள். "இது உங்களுது. முதல் நாள் குப்பையில போட்டீங்க. நான் பிரிச்சா ஏதோ பண்ணிட்டேன்னு சொல்லுவீங்க. நீங்களே பிரிங்க. ஏழுன்னு போட்டிருக்கு. கரைச்சு, உங்க மீட்டரை விடுங்க. ஏழு காட்டினா நான் இப்பவே அந்தத் தாள்ல கையெழுத்துப் போடறேன்."

"இதெல்லாம் எனக்குத் தெரியும்மா, எத்தனை வருஷ அனுபவம், நீ எனக்கு..." அவர் மென்று முழுங்கினார்.

"பிரிங்க" என்றார் டாக்டரம்மா.

பிரித்தார். நர்ஸ் கொடுத்த தண்ணீரில் பொடியைக் கொட்டிக் கலக்கி, மீட்டரை விட்டார். எண் ஓடி ஓடி, எட்டுப் புள்ளி ஆறில் நின்றது. ஒரு தட்டுத் தட்டினார். எட்டு ஆறு. துடைத்துவிட்டு மறுபடி விட்டார். எட்டு ஆறேதான்.

"ஏழா இருக்கறதை எட்டரைக்கு மேலே காட்டுது" என்றாள். "நல்லா இருந்த தண்ணியைப் பாத்துக் காரம் ஏறிடுச்சுன்னு சொன்னீங்க. இல்லாத நோய்க்கு மூணு மாசமா மருந்து ஊத்தியிருக்கீங்க. போன வாரம் ரெண்டு மூடி. தண்ணி ஒரே அடியா அமிலமாயிடுச்சு, அதான் மீனுங்க போயிடுச்சுங்க."

கண்ணில் இல்லாத நோய்க்குச் சொட்டு மருந்து விட்டால் என்ன ஆகும் என்று டாக்டரம்மாவுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் மீட்டர்காரரைப் பார்த்த பார்வையில் அந்த மனிதர் வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். அச்சடித்த தாளை எடுத்து இரண்டாக மடித்தார். "சரிம்மா, நடந்தது நடந்துபோச்சு. இதைக் கிழிச்சிடலாம். மறந்துடுவோம்."

"கிழிங்க. ஆனா மறக்க வேண்டாம். வெள்ளைத் தாள் ரெண்டு குடுங்க."

ஜன்னல் மேடையிலேயே வைத்து எழுதினாள். சோதனை ட்யூபுகளை நீல மருந்தில் ஊறவைத்துக் கழுவியவள் நான், யாரையும் கேட்காமல் செய்தேன், அதனால் சோதனை தப்பானது, தொட்டித் தண்ணீரில் என் கையால் ஒரு சொட்டும் விழவில்லை. சத்தமாகப் படித்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டாள். சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்த பெயரை அன்றைக்குத்தான் முதல்முதலாக எல்லாரும் பார்த்தார்கள்.

"போட மாட்டேன்னுதானே சொன்னீங்க?" என்றார் மேனேஜர், நிஜமாகவே புரியாமல்.

"செய்யாததுக்குப் போட மாட்டேன்னேன் சார். செஞ்சதுக்குப் போட மாட்டேன்னு எப்ப சொன்னேன்?"

இரண்டாவது தாளை மீட்டர்காரர் பக்கம் நகர்த்தினாள். "இப்ப நீங்க எழுதுங்க."

அவர் தாளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், வேறு இடத்தில் அவசர வேலை இருப்பதாகச் சொல்லி மீட்டரைப் பையில் செருகிக்கொண்டு போய்விட்டார். தாள் வெறுமையாக மேடையில் கிடந்தது.

தொட்டியை அன்றைக்குக் காலி பண்ணவில்லை. பளபளக்கா தினம் ஒரு வாளி எடுத்து ஒரு வாளி ஊற்றினாள், அட்டையில் நிறம் பார்த்துப் பார்த்து. ஒன்பதாம் நாள் இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார். வால் ஓரம் கிழிந்து, இளைத்துப்போய், ஆனாலும் வருகிறவர்களை மேலும் கீழும் பார்த்துக்கொண்டுதான். அவள் துணியை இழுத்தாள், அவர் கூடவே வந்தார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கண் ஆஸ்பத்திரியில் அதை யாரும் பெரிசாக எடுத்துக்கொள்வதில்லை.

மீட்டர்காரரை டாக்டரம்மா நிறுத்தவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். பளபளக்கா பக்கத்தில் நின்று பார்க்க, பாக்கெட் தண்ணீரில் மீட்டர் ஏழு காட்டின பிறகுதான் தொட்டியில் விட வேண்டும். வாரா வாரம் வெள்ளிக்கிழமை அவர் வந்து அலமாரியைத் திறக்கிறார். கதவின் உள்பக்கம், ட்யூபுகளுக்கு நேர்மேலே, அந்த இரண்டாவது வெள்ளைத் தாளை அவள் நாலு மூலையிலும் ஒட்டி வைத்திருக்கிறாள். பக்கத்திலேயே நூலில் ஒரு பேனா தொங்குகிறது. எழுதாத தாளைத் தூக்கிப்போட அவளுக்கு மனசு வராது.

ஏழு வாரம் ஆகிவிட்டது. அவர் அதைப் பார்க்காதமாதிரி பார்த்துவிட்டுப் போகிறார். அவளும் ஒன்றும் கேட்பதில்லை. தாளில் விரல் படாமல் சுற்றிலும் மட்டும், வெறும் ஈரத்துணியால், தினம் துடைத்து வைக்கிறாள். கையுறைக்கு அவள் மூணு வாரம் காத்திருந்தாள். இதற்கு எத்தனை வாரம் ஆனாலும் ஆகட்டும்.